மெஷினே மெஷினைச் சோதிக்கலாமா?

கேள்வி: ரயில் சிக்னல் சாஃப்ட்வேரை இப்போது கம்ப்யூட்டரே சோதிக்கிறதாமே, நம்பி ஏறலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: தாராளமாக ஏறுங்கள், தாயி. மதுரை ஜங்ஷன் மாதிரி இடத்தில் பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்), சிக்னல், பாதை என்று எக்கச்சக்கமான சேர்க்கைகள். ஒவ்வொன்றிலும் ‘இரண்டு வண்டிக்கு ஒரே பாதை கிடைத்துவிடுமா?’ என்று விடிய விடியச் சலிக்காமல் பார்க்க மெஷினால்தான் ஆகும். எனக்கெல்லாம் பத்தாவது சேர்க்கையிலேயே ஜிகர்தண்டா ஞாபகம் வந்துவிடும்!

ஆனால் எதைச் சோதிப்பது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். 1996-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டில், திசையைக் கணிக்கும் கருவிக்கு, முந்தைய ஏரியன் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே போட்டார்கள். புது ராக்கெட்டின் பாதையை வைத்துச் சோதிக்கவில்லை. பறக்கும்போது ஒரு கணக்கில் வந்த 64 பிட் எண், அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை; கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல், அதுவும் படுத்துவிட்டது. சுமார் 40 விநாடியில் ராக்கெட் சிதறியது. இத்தனைக்கும், கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்லை!