தற்காலிக விசாவில் போனவருக்கு அரசு மருத்துவ அட்டை கிடையாதா?

கேள்வி: என் பையன் நாமக்கல்லில் கோழிப்பண்ணை சூப்பர்வைசராக இருந்தான். கடந்த மார்ச் மாதம் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக் கோழிப்பண்ணை ஒன்றுக்கு 2 வருட வேலை அனுமதியில் போனான். கோவையில் ஒரு ஏஜென்ட் 7 லட்சம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். போன ஏழாவது வாரம் குடல்வால் வீங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். ஆஸ்பத்திரி பில் 19,000 டாலர். "தற்காலிக ஆளுக்கு ஒரு வருஷம் ஆகாமல் அரசு கார்டு தரமாட்டார்கள்" என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா? இல்லையென்றால் மோகனூர் பக்கம் உள்ள ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை விற்றுக் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம். வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட். பையனுடைய சம்பளச் சீட்டு, வேலை அனுமதி இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்த அக்ரிமென்ட்டை நிறுத்துங்கள். இந்தப் பில்லுக்கு யார் பொறுப்பு என்று இன்னும் யாரும் கேட்கவே இல்லை. அதற்குள் தோட்டத்தை விற்க வேண்டியதில்லை.

முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் உங்களுக்கு உதவாது. அது, வேலைக்குக் கிளம்பும் முன் இந்திய அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் குறிப்பிட்ட நாடுகளுக்குப் போகிறவர்களுக்கானது. அந்தப் பட்டியலில் கனடா இல்லை. இந்தப் பிரச்சினைக்கான பதில் முழுக்க அந்த ஊர்ச் சட்டத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டை இரண்டு முறை பார்த்தேன். வரிப் பிடித்தங்களுக்குக் கீழே "மெடிக்கல்" என்று ஒரு வரி, அதற்கு நேரே 38 டாலர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்பதால், ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு மூன்று தடவை பிடித்திருக்க வேண்டும். உங்கள் வழக்கில் முக்கியமான சான்று இந்த ஒரு வரிதான்.

காரணம் சொல்கிறேன். வெளிநாட்டுத் தற்காலிகத் தொழிலாளர் திட்டத்தில் ஆள் எடுக்கும் முதலாளி, அந்த ஆள் மாகாண அரசின் காப்பீட்டுக்குள் வராத காலம் முழுவதற்கும் அவசர சிகிச்சைக்கான தனியார் காப்பீட்டைத் தானே எடுத்து, பிரீமியத்தையும் தானே கட்ட வேண்டும். 2022 செப்டம்பர் 26 முதல் இது கனடாவின் குடியேற்ற விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மெக்சிகோ, கரீபியன் நாடுகளிலிருந்து வரும் பருவகால விவசாயத் தொழிலாளர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு. உங்கள் பையன் அந்த வகை இல்லை. பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது.

அப்படியானால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். பிடித்த பணத்துக்குப் பாலிசி இருக்கிறது என்றால், அந்த நிறுவனத்திடம் கிளெய்ம் போட வேண்டும். பையனுக்குப் பாலிசி எண்ணே சொல்லப்படவில்லை என்பதுதான் குறை. பாலிசியே இல்லை என்றால், காப்பீடு எடுக்காதது ஒரு தவறு, எடுக்காத காப்பீட்டுக்குப் பணம் பிடித்தது இன்னொரு தவறு. எப்படிப் பார்த்தாலும் பில் உங்கள் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் முதலாளியிடம்தான் போக வேண்டும். இன்றே பையன் முதலாளிக்கு ஒரு ஈமெயில் அனுப்பட்டும்: "என் பெயரில் உள்ள மருத்துவக் காப்பீட்டின் நிறுவனம், பாலிசி எண், தொடங்கிய தேதி தெரிவிக்கவும்." கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதே நாளில் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவுக்கும் "காப்பீட்டுக் கிளெய்ம் நடக்கிறது, அதுவரை வசூலை நிறுத்தி வையுங்கள், தேவையானால் தவணை வேண்டும்" என்று எழுதட்டும்.

சரி, அரசு அட்டை விஷயம். "ஒரு வருஷம் ஆகணும்" என்று முதலாளி சொன்னது தவறு. ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு ஓஹிப் என்று பெயர். செல்லுபடியாகும் வேலை அனுமதியோடு, ஒன்டாரியோ முதலாளியிடம், முழுநேரமாக, குறைந்தது 6 மாத வேலையில் இருப்பவருக்கு அது உண்டு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 6 மாதம் வேலை பார்த்து முடித்திருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை; வேலை 6 மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பையனின் அனுமதித் தாளில் முதலாளி பெயர் அச்சாகியிருக்கிறது, காலம் 2 வருடம். முன்பு 3 மாதக் காத்திருப்பு இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் எடுத்தார்கள், திரும்பக் கொண்டுவரவில்லை. ஆக, அவன் போய் இறங்கிய வாரமே விண்ணப்பித்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது அவன் செய்ய வேண்டியது: பாஸ்போர்ட், வேலை அனுமதி, ஒன்டாரியோ முகவரிக்கு ஒரு சான்று, முழுநேர வேலை 6 மாதத்துக்குக் குறையாது என்று முதலாளி தரும் கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகத்துக்கு நேரில் போவது. அட்டைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நடந்து முடிந்த ஆபரேஷனுக்கு இந்த அட்டையை நம்பி உட்கார வேண்டாம். அது இனிமேல் வருவதற்கு. பழைய பில்லுக்கு முதலாளியின் காப்பீடுதான் வழி. (பையனின் நண்பர்கள் வேறு மாகாணத்தில் இருந்தால் இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த 2 மாதமும் காத்திருக்க வேண்டும்.)

"கேட்டால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களே" என்று நீங்கள் பயப்படலாம், அது நியாயம்தான். ஒரே முதலாளி பெயர் போட்ட அனுமதியில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு இருப்பது அதனால்தான். ஆனால் உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்குவது அந்த விதிகளில் தனிக் குற்றம். முதலாளிக்கு ஒரு மீறலுக்கு 1 லட்சம் டாலர் வரை அபராதமும், வெளிநாட்டு ஆள் எடுக்கத் தடையும் விதிக்க முடியும். தொழிலாளியைக் கொடுமைப்படுத்துவது என்பதில் பணரீதியான சுரண்டலும் அடங்கும் என்பதால், அப்படி நடந்தால் பையன் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் திறந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2019 ஜூன் முதல் அந்த வழி இருக்கிறது, கட்டணமும் இல்லை. நான் கோவை நீதிமன்றத்தில் நின்று வாதாடுகிறவன், அங்கே போய் நிற்க முடியாது. டொரொன்டோவில் சவுத் ஏசியன் லீகல் கிளினிக் ஆஃப் ஒன்டாரியோ இருக்கிறது. வருமானம் குறைந்த நம் பக்கத்து மக்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிறார்கள். முதலாளிக்கு இரண்டாவது கடிதம் எழுதும் முன் அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். நிலைமை முற்றினால் டொரொன்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் இந்திய சமூக நல நிதி உதவிக்கும் கேட்கலாம்.

அப்புறம் அந்த 7 லட்சம். ஒன்டாரியோவின் 2009-ஆம் வருடச் சட்டப்படி வெளிநாட்டுத் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கவே கூடாது. அங்கே தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்க மூன்றரை வருடம் அவகாசம். நம் பக்கம், 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம், 2 வருடம் வரை சிறை. பதிவு பெற்ற ஏஜென்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் உள்ள இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் கோவை போலீசுக்கும் ஒரே சமயத்தில் புகார் கொடுக்கலாம். பணம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரு பகுதியாவது பேங்க் வழியாகப் போயிருந்தால் அந்தப் பாஸ்புக் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்க வேண்டாம்.

தோட்டம் வாங்க வருகிறவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள், அதை எப்படித் திருப்புவது என்று தனியாகப் பார்ப்போம். வாங்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். பையனிடம் மார்ச் முதல் வந்த சம்பளச் சீட்டுகள் அத்தனையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த 38 டாலர் எந்தத் தேதியிலிருந்து பிடிக்கப்பட்டது என்பது எனக்குத் தெரிய வேண்டும்.