சம்மா சங்கப்பம்: கேள்விகளும் பதில்களும்

அண்ணா, புத்தரின் எண்வழிப் பாதையில் இரண்டாம் படியான சம்மா சங்கப்பத்தை 'நல்லெண்ணம்' என்று போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நல்லது நினைத்தால் போதுமா?

சிக்கலே அந்தச் சொல்லில்தான். பௌத்த நூல்களின் பாலி மொழியில் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: நெக்கம்மம் (ஆசையை விடுதல்), அவ்யாபாதம் (பகை பாராட்டாமை), அவிஹிம்சை (துன்புறுத்தாமை). நல்லெண்ணம் என்றதும் நமக்கு நடுவில் உள்ளது மட்டும் கேட்கிறது, முதலாவது காணாமல் போய்விடுகிறது. 'நல்லூற்றம்' என்றும் தமிழில் எழுதுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், மனம் எந்தப் பக்கம் ஊன்றுகிறது என்பது அதில் வந்துவிடுகிறது.

கெட்ட எண்ணம் தானாக வருகிறதே ஐயா, அதற்கு என்ன செய்ய?

புத்தர் உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 19ஆம் சூத்திரத்தைப் படியுங்கள். ஞானம் பெறும் முன் தன் எண்ணங்களை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்த்ததாகப் புத்தர் சொல்கிறார். ஒரு பக்கம் காமம், பகை, கொடுமை. மறுபக்கம் இவற்றின் எதிர்கள்.

அதில் ஒரு மாடு மேய்ப்பவன் வருகிறான். மழைக்காலக் கடைசி, வயலில் பயிர் நெருங்கி நிற்கிறது. மாடு வாய் வைத்தால் அடியும் அபராதமும் இவனுக்கு, அதனால் கோலால் தட்டித் தட்டித் திருப்புகிறான். கோடையில் அறுவடை முடிந்து கதிரெல்லாம் ஊருக்குள் போனபின், மரத்தடியில் உட்கார்ந்து 'மாடுகள் அங்கே நிற்கின்றன' என்று நினைவில் வைத்தாலே போதும். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது: நல்ல எண்ணத்தையே நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தாலும் உடம்பு சோர்ந்து மனம் கலங்கும் என்கிறார். அதற்கும் ஓர் அளவு உண்டு.

போன வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் என்னைச் சீண்டினார். ஆறு வரிப் பதில் அடித்துவிட்டு, அனுப்பும் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாடு வரப்பில் நிற்கிறது என்பது அந்தக் கணம்தான்.

இது நம் சங்கல்பம்தானே? வெள்ளைக்கார மேஜிக்கிலும் (மந்திரவித்தை) முதலில் நோக்கத்தை நிறுத்து என்கிறார்களே?

சொல் ஒன்று, போகும் திசை வேறு. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்கிறோம். யாருக்கு, எதற்கு என்று குறித்தாகிவிட்டது. மேலை மறைஞானச் சங்கல்பம் இதற்குத்தான் பக்கத்துவீடு. 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் எலிஃபாஸ் லெவி என்ற மறைஞானி மந்திரத்தின் மையத்தில் மன உறுதியை வைத்தார். பின்னால் வந்த ஆங்கிலேய மந்திரவாதி அலிஸ்டர் குரோலிக்கு ஒவ்வொருவரின் 'மெய்யான சித்த'மே மதமாகிவிட்டது. அங்கே பிடியை இறுக்குகிறார்கள். நெக்கம்மமோ பிடியைத் தளர்த்தச் சொல்கிறது.

அடையாறு தியோசாபிக்காரர்கள் (பிரம்மஞான சபையார்) பௌத்தர்கள் இல்லையா?

1875இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் அது. அதைத் தொடங்கிய பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் 1880 மே மாதம் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்று முறைப்படி பௌத்தர் ஆனார்கள். அடையாறு வந்தது 1882இல். வெள்ளை மந்திரத்தையும் கருப்பு மந்திரத்தையும் பிரிப்பது செய்பவரின் உள்நோக்கம் மட்டுமே என்று 1888இல் பிளவாட்ஸ்கி எழுதினார். 'சேதனையையே (உள்நோக்கத்தையே) வினை என்கிறேன்' என்ற புத்தர் வாக்குக்கு இது நெருக்கம்தான். ஆனால் அவர்கள் வழிவந்த அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் எண்ணங்களின் நிறத்தையும் உருவத்தையும் படமாகவே வரையச்செய்து வெளியிட்டார்கள். எண்ணம் சிவப்பா நீலமா என்று சூத்திரத்தில் யாரும் கேட்கவில்லை!

மேஜிக் செய்தவர் யாராவது பிக்கு ஆனதுண்டா?

உண்டு, ஆலன் பென்னெட். லண்டன் 'கோல்டன் டான்' மந்திரக் குழுவில் குரோலிக்கே குரு போல இருந்தவர், தீராத ஆஸ்துமாக்காரர். 1900 வாக்கில் இலங்கைக்குப் போனார். அங்கே அவருக்கு யோகம் சொல்லிக்கொடுத்தவர் இலங்கைத் தமிழ்த் தலைவர், நம் பொன்னம்பலம் இராமநாதன். 1901இல் குரோலியும் வந்து சேர, இருவரும் கண்டியில் ஒரே வீட்டில் பயிற்சி செய்தார்கள். மறு வருடம் பென்னெட் பர்மாவில் முழுப் பிக்குவாகி ஆனந்த மெத்தேய்யர் ஆனார். குரோலி 1904இல் கெய்ரோவில் தன் சொந்த மதத்தை எழுதினார். 1908இல் பென்னெட் பிக்குவாகவே இங்கிலாந்து திரும்பினார்.

வேலை கிடைக்க ஏதாவது மந்திரம் சொல்லுங்கள் சார்.

என்னிடம் இல்லை தம்பி.

அந்த வாட்ஸ்அப் பதிலை அனுப்பினீர்களா, இல்லையா?

நாலு வரியை அழித்துவிட்டு ரெண்டை மட்டும் அனுப்பினேன். அந்த ரெண்டிலும் ஒரு குத்தல் இருந்தது மறுநாள் காலையில் படித்தபோதுதான் தெரிந்தது.