விகிதம் ஏறினால் ஜோடி சேர்ந்ததாகிவிடுமா?

கேள்வி: பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பிகள் (அட்ரினலினை உணரும் செல் சவ்வுப் புரதங்கள்) உயிருள்ள செல்லில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருப்பதை ‘பிரெட்’ (BRET, உயிரொளி ஆற்றல் கைமாற்றம்) முறையில் கண்டதாகப் படித்தேன். மைக்ரோஸ்கோப்புக்கே பிடிபடாத இரண்டு புரதங்கள் பக்கத்தில் இருப்பதை வெளிச்சம் எப்படிக் காட்டிக்கொடுக்கும்? என் வழிகாட்டி வேறு, “விகிதம் ஏறியதை மட்டும் வைத்து எதையும் எழுதிவிடாதே” என்கிறார். ஏன்?
— ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: உங்கள் வழிகாட்டி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் வெளிச்சம்.

ரெனில்லா என்ற கடல் உயிரியிடம் லூசிபரேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சீலென்டரசின் என்ற மூலக்கூறை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது சுமார் 480 நானோமீட்டரில் நீல ஒளி வர வேண்டும். ஆனால் அந்த உயிரி ஒளிர்வது பச்சையாக. நொதியை ஒட்டியிருக்கும் பச்சை ஒளிர் புரதம், அந்த ஆற்றல் ஒளியாக வெளியேறுவதற்கு முன்பே அதை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கைமாற்றுக்கு இரண்டும் மிக நெருங்கி இருந்தாக வேண்டும். பாதி ஆற்றல் கைமாறும் தூரம் ஏறத்தாழ 5 நானோமீட்டர். அதைப் பத்தாக்கினால் 50 சதவீதம் ஒன்றரை சதவீதமாக விழுந்துவிடும், ஏனென்றால் இங்கே வேலை செய்வது தூரத்தின் ஆறாம் அடுக்கு. சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் சுமார் 200 நானோமீட்டருக்கு உள்ளே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. அதனால்தான் இந்தச் செங்குத்தான சரிவு நமக்கு அவ்வளவு பயன்படுகிறது.

1999ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சூ, பிஸ்டன், ஜான்சன் ஆகியோர் சயனோபாக்டீரியாவின் உடற்கடிகாரப் புரதமான கய்-பி தன் இனத்தோடு சேர்வதை இப்படிக் காட்டினார்கள். ஒரு பிரதியில் ஆற்றலைக் கொடுக்கும் ‘டோனராக’ ரெனில்லா லூசிபரேஸ், இன்னொன்றில் அதை வாங்கும் ‘அக்செப்டராக’ மஞ்சள் ஒளிர் புரதம் என்று குறிகளைப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டே மான்ட்ரியலில் மிஷெல் பூவியே குழு நீங்கள் படித்த அந்த ஏற்பியில் இதைச் செய்தது.

இனி வழிகாட்டியின் எச்சரிக்கை. வெள்ளை நிற 96 குழி பிளேட்டில் இரண்டு குறிகளும் கொண்ட செல்கள் இருக்கின்றன. சீலென்டரசினை விட்டதும் கருவி ஒவ்வொரு குழியிலும் லூசிபரேஸின் 480 நானோமீட்டர் ஒளியையும் மஞ்சள் புரதத்தின் 530 நானோமீட்டர் ஒளியையும் அடுத்தடுத்துப் படிக்கிறது. பின்னதை முன்னதால் வகுத்தால் 0.85 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகா என்று எழுந்துவிடாதீர்கள். லூசிபரேஸ் மட்டும் உள்ள செல்களைப் பாருங்கள், அங்கேயே 0.60 இருக்கும். நீல ஒளியின் நீண்ட வால் 530 ஜன்னலுக்குள்ளும் கசிவதுதான் காரணம். ஆக உண்மையில் நம் கையில் இருப்பது 0.25, ஆய்வகப் பேச்சில் 250 மில்லி-பிரெட்.

அந்த 250ம் ஜோடிக்குச் சாட்சி இல்லை. செல்லின் சவ்வு ஒரு மெல்லிய தளம். அதில் இயற்கையில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏற்பிகளை நாம் திணித்திருக்கிறோம். திருவிழாக் கூட்டத்தில் தோள் உரசுகிறவர்கள் எல்லாம் உறவினர்களா? ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சவ்வுப் புரதங்களும் நெரிசலில் ஆற்றலைக் கைமாற்றும்.

அதனால் டோனரின் அளவை மாற்றாமல், அக்செப்டரை மட்டும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். உண்மையான சேர்க்கை என்றால் கோடு ஏறி, டோனர்களுக்கெல்லாம் துணை கிடைத்ததும் தட்டையாகும். வெறும் நெரிசல் என்றால் பெரும்பாலும் நேர்கோடாக ஏறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். நெரிசல் மிகுந்தால் அந்தக் கோடும் வளையும். எனவே அதே சவ்வில் இருக்கும் தொடர்பில்லாத ஒரு ஏற்பியை அதே அளவுக்கு வெளிப்படுத்திப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். குறியிடாத ஏற்பியைக் கூடுதலாகச் சேர்த்தால் சிக்னல் இறங்குகிறதா என்றும் பாருங்கள். நரம்புச் செல்களில் உள்ள காபா-பி ஏற்பியின் இரண்டு பாதிகளும் சேர்ந்தால்தான் அது வேலையே செய்யும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆம் என்ற பதில் எப்படி இருக்கும் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. 2006ல் வேறொரு குழு, மொத்த அடர்த்தியை மாற்றாமல் டோனர்-அக்செப்டர் விகிதத்தை மட்டும் மாற்றி அளந்து, அதே பீட்டா-2 ஏற்பி தனித்தனியாகத்தான் இருக்கிறது என்று எழுதியது. அதே ஏற்பி, அதே முறை, நேர்மாறான முடிவு! அதற்கு மறுப்பும் வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் ஒற்றைப் பட்டை வரைபடத்தை வைத்து ‘ஜோடி’ என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சிக்னல் வராவிட்டாலும் அவசரப்படாதீர்கள். குறிகள் ஒன்றையொன்று பார்க்காத கோணத்தில் நின்றால், புரதங்கள் ஒட்டியிருந்தும் ஆற்றல் கைமாறாது. குறியை மறுமுனையில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃபிரெட் (FRET, வெளிவிளக்கால் தூண்டும் அதே வகை ஆற்றல் கைமாற்ற முறை) இருக்கும்போது பிரெட் எதற்கு?
— கல்லூரி ஆசிரியர்

பதில்: ஃபிரெட்டில் டோனரைத் தூண்ட வெளியிலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும். அது அக்செப்டரையும் நேரடியாகக் கொஞ்சம் தூண்டிவிடும், செல்லின் சொந்தப் பொருள்களையும் ஒளிர வைக்கும், சாயத்தையும் வெளுக்கும். பிரெட்டில் விளக்கே இல்லை. ஆனால் ஒளி மங்கல், அதனால் செல்லுக்குள் எந்த இடத்தில் நடக்கிறது என்று படமாகப் பார்க்க நான் இன்றும் ஃபிரெட்டைத்தான் எடுப்பேன். 2012ல் ஆழ்கடல் இறால் ஒன்றின் நொதியைத் திருத்தி உருவாக்கிய நானோலக் வந்த பிறகு மங்கல் ஓரளவு தீர்ந்தது. ரெனில்லா நொதி 36 கிலோடால்டன், இது 19தான். ஒளியோ நூறு மடங்குக்கு மேல்.

கேள்வி: மருந்து ஆராய்ச்சியில் பிரெட்டுக்கு என்ன வேலை?
— மருந்தியல் மாணவர்

பதில்: நிறைய. இன்று புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஜி-புரத இணைவு ஏற்பிகளை (பீட்டா-2 போல, வெளிச்செய்தியை ஜி-புரதம் வழியாகச் செல்லுக்குள் கடத்தும் சவ்வுப் புரதங்களை) தொட்டு வேலை செய்பவை. ஏற்பியின் உள்வாலில் லூசிபரேஸையும் தூண்டப்பட்ட ஏற்பியில் வந்து ஒட்டும் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதத்தில் மஞ்சள் புரதத்தையும் வைத்து மருந்தை விட்டால், அரெஸ்டின் சவ்வை நோக்கி வருவதைச் சில நிமிடங்களில் விகிதத்தில் பார்த்துவிடலாம். ஜி-புரதத்தை ஒரு மருந்து எவ்வளவு தூண்டுகிறது, அரெஸ்டினை எவ்வளவு என்று பிரித்தும் அளக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. நானோலக்கை ஏற்பியின் வெளிமுனையில் பொருத்தி, ஒளிர் சாயம் கட்டிய மருந்தை விட்டால், அது வந்து ஒட்டியதும் சிக்னல் ஏறும். அப்புறம் சாயமில்லாத புது மருந்தைச் சேர்த்தால், அது முன்னதைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும் அளவுக்கு சிக்னல் இறங்கும். கதிரியக்கம் வேண்டாம், கழுவிப் பிரிக்கவும் வேண்டாம். ஒட்டாமல் மிதக்கும் சாயம் தூரத்தில் இருப்பதால் கணக்கில் வராது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நொதிக்குக் கொடுத்த இரை, அதாவது அது ஆக்சிஜனேற்றம் செய்யும் மூலக்கூறு, நேரம் ஆக ஆகத் தீர்ந்துகொண்டே வரும். விகிதம் எடுப்பதால் அந்தச் சரிவு பெருமளவு சரியாகிவிடும், முழுக்க அல்ல. மருந்து விடாமல் கரைப்பான் மட்டும் விட்ட குழிகளையும் ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் கூடவே படியுங்கள்.