ட்ரோன் கேமரா வேலைக்கு "அனுபவம் இருக்கா?" என்று கேட்டே அனுப்பிவிடுகிறார்கள். எப்படி உள்ளே நுழைவது?

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரர். மல்டிமீடியா டிப்ளமா முடித்திருக்கிறார், கையில் 249 கிராம் ட்ரோன் ஒன்று இருக்கிறது. எட்டு கம்பெனிக்கு எழுதிப் போட்டும் ஒன்றும் அமையவில்லை, கே.எல். (கோலாலம்பூர்) போய்விடலாமா என்று கேட்கிறார்.

நானும் பக்கத்துப் பிறையில் வளர்ந்தவன்தான் தம்பி. இப்போது கோலாலம்பூரில் இருந்து இதே வேலையைச் செய்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டு இந்த வேலைக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பல ஆயிரம் ரிங்கிட் பெறுமானமுள்ள பொருளை முகம் தெரியாத ஒருவர் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பெட்டி தூக்க, பேட்டரி பார்க்க ஆள் எப்போதும் தேவை. புதியவருக்கான வேலை அதுதான்.

நான் அப்படித்தான் வந்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் இரண்டு வருடம் தரைக் கேமராவுக்கு உதவியாளன். அவர் ட்ரோன் வாங்கியதும் அதன் பெட்டியும் என் தோளுக்கு வந்தது. முதல் நாள் இரவே எல்லா பேட்டரியையும் சார்ஜ் போட்டு, எண் எழுதி, எது எத்தனை முறை ஓடியது என்று நோட்டில் குறிக்க வேண்டும். படம் பிடித்த கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகுதான் அழிக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், ஸ்பாட்டராக நிற்பது. ஓட்டுபவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் வானத்தையும் தரையையும் பார்க்க வேண்டும். பினாங்கில் பருந்துகள் ட்ரோனை விரட்டி வரும். ட்ரோன் இறங்கும் இடத்துக்கே குழந்தைகள் ஓடி வருவார்கள். பார்த்ததும் சத்தமாகச் சொல்ல வேண்டும், தயங்கவே கூடாது.

அவர்கள் கேட்கும் 'அனுபவம்' என்ன என்று எனக்குப் புரிந்தது பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில். ஒரு டுரியான் தோட்டத்துக்கு விளம்பரப் படம். அனுமதியெல்லாம் அண்ணன் முன்பே வாங்கி வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "ஒரு பேட்டரி நீ ஓட்டிப் பாரு" என்று ரிமோட்டைக் கொடுத்தார். ஓடைப் பக்கம் தாழ்வான இடத்திலிருந்து கிளப்பினேன். திரையில் 60 மீட்டர் என்று காட்டியது. மரங்களுக்கு மேலே நிறைய இடம் இருக்கிறது என்று நம்பி மலைச்சரிவை நோக்கிப் போனேன். அந்த 60 மீட்டர், கிளம்பிய இடத்திலிருந்து போட்ட கணக்கு. கீழே நிலம் ஏறிக்கொண்டே வருவதை அந்த எண் காட்டாது. மேட்டில் நின்ற டுரியான் மரத்தின் உச்சிக் கிளையில் மோதி விழுந்தது. பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா பத்தடி தள்ளி நின்றிருந்தார். ட்ரோன் உடைந்ததற்கு அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை அந்த அக்காவிடம் கூட்டிப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

சிக்னல் போனால் தானாகத் திரும்பி வரும் உயரத்துக்கும் இதே கணக்குதான். உங்கள் ட்ரோனில் அது எத்தனை மீட்டர் என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். வாங்கியபோது இருந்த எண்ணை மாற்றாமலேயே பலர் பறக்கவிடுகிறார்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். பெரிய படப்பிடிப்பில் இரண்டு ரிமோட் இருக்கும். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கேமராவை மட்டும் திருப்புவார். டிஜேஐ இன்ஸ்பயர் வகையில் இது வழக்கம். நீங்கள் குறி வைக்க வேண்டியது அந்த இரண்டாவது ரிமோட். அதற்கு வேகம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஷாட் தொடங்குமுன் ஐந்து விநாடி அசையாமல் நிற்கட்டும், முடிந்த பின்னும் அப்படியே. எடிட்டருக்கு வெட்ட இடம் கிடைக்கும். நம் வெயிலில் நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும்போது ஷட்டரை 1/50 விநாடியில் வைக்க, லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது. இல்லையென்றால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். வேலை கேட்டு அனுப்பும் மாதிரி வீடியோவில், அதாவது ஷோரீலில், பாட்டுப் போட்டு வேகமாக வெட்டி அனுப்பாதீர்கள். ஆறு ஷாட், வெட்டாமல், முழுசாக. உங்கள் கை எப்படி என்பது அதில்தான் தெரியும்.

அப்புறம் தாள் வேலை. இதைப் பலர் கடைசியில் வைக்கிறார்கள், எனக்கு அது வருத்தம். சிஏஏஎம் எனப்படும் மலேசிய சிவில் விமான ஆணையத்தின் ஆர்சிஓசி-பி என்ற ட்ரோன் ஓட்டுபவருக்கான அடிப்படைத் தகுதிச் சான்றிதழை, அங்கீகரித்த பயிற்சி மையம் ஒன்றில் படித்துத் தேர்வெழுதி வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும். வான்வழிப் படத்துக்கு ஜூப்பேம் எனப்படும் நில அளவைத் துறையின் பெர்மிட்டும் உண்டு. அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலிலோ பத்துமலையிலோ மேலேயிருந்து ஒரு ஷாட் என்ற ஆசை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. 1,000 பேருக்கு மேல் கூடும் திறந்தவெளிக் கூட்டத்தின் 150 மீட்டருக்குள் அனுமதியின்றிப் போகக்கூடாது என்பது விதி. காவடி தூக்கி வருபவர் தலைக்கு மேல் ஒரு பேட்டரி செத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரிலோ ஒரு பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், இன்னொரு பக்கம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். வீட்டு வாசலில் இருந்து கிளப்பலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

கே.எல். வரலாமா? விளம்பரம், டிவி, சினிமாதான் வேண்டும் என்றால் ஒருநாள் வந்துதான் ஆக வேண்டும், அந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் இங்கே, பெட்டாலிங் ஜெயா பக்கம்தான். ஆனால் இப்போதே வேண்டாம் என்பேன். அறை வாடகை கட்டிக்கொண்டு பேட்டரி தூக்குவது கஷ்டம். பினாங்கிலும் கெடாவிலும் கட்டுமான இடங்கள், தொழிற்சாலைக் கூரைகள், செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன. மாதாமாதம் ஒரே இடம், ஒரே உயரம், ஒரே கோணத்தில் கட்டடம் வளர்வதை எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கச் சலிப்பாகத் தோன்றும். கை நிதானமாக நிற்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரு வருடம் வீட்டிலிருந்தே அதைச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'பயிற்சி' என்று சொல்லி ஒரு கம்பெனி மூன்று மாதம் சம்பளமில்லாமல் என்னை வைத்திருந்தது. நான் எடுத்த ஷாட்டை அவர்கள் விளம்பரத்தில் பார்த்தேன், ஒரு ரிங்கிட்கூட வரவில்லை. முதல் இரண்டு நாள் சும்மா போய் நில்லுங்கள், தப்பில்லை. அதற்கு மேல் நாள் கூலி எவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலை விட்டுவிட்டு நேராகப் போன் போடுங்கள். "அண்ணே, ஓட்ட வேண்டாம், பேட்டரி பார்த்துக்கிறேன், ஸ்பாட்டரா நிக்கிறேன், விடிகாலை அஞ்சு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன்" என்று சொல்லுங்கள். இப்போது என்னிடம் இருக்கும் இரண்டு பையன்களும் இப்படிப் போன் போட்டு வந்தவர்கள்தான். மூத்தவன் கையில் போன மாதம் இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்தேன்.