கலைஞரின் ஸ்டூடியோவில் ஊடகத் தொடர்பு வேலை: எங்கே தொடங்குவது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். நாளிதழ் ஒன்றில் சில ஆண்டுகள் நிருபராக இருந்தேன். ஜார்ஜ் டவுனில் உள்ள சமகாலக் கலைஞர் ஒருவர், தம் ஸ்டூடியோவின் ஊடகத் தொடர்பைக் கவனிக்க என்னை அழைத்திருக்கிறார். அவர் பேட்டி கொடுக்கத் தயங்குபவர். அவருடைய படைப்புகளை விற்கும் கோலாலம்பூர் கலைக்கூடத்திலும் ஓர் ஊடக அதிகாரி இருக்கிறார். அப்படியென்றால் எனக்கு அங்கே என்ன வேலை? எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: கலைக்கூடத்தின் ஊடக அதிகாரி ஒரு கண்காட்சிக்காக உழைக்கிறார், அது முடிந்ததும் அவர் கவனம் அடுத்த கலைஞரிடம் போய்விடும். ஸ்டூடியோவில் இருப்பவரோ ஒரே கலைஞரின் முழுப் படைப்பு வரலாற்றுக்கும் பொறுப்பாளி. எந்தப் படைப்பு எந்த ஆண்டில் உருவானது, முதலில் எங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது, இப்போது யாரிடம் இருக்கிறது, அதைப் புகைப்படம் எடுத்தவர் யார் என்பதையெல்லாம் எவர் கேட்டாலும் பிழையின்றிச் சொல்ல வேண்டிய இடம் ஸ்டூடியோதான். ஆகவே, செய்தி வரவழைப்பதே முதல் கடமை என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். நிருபராக இருந்தவருக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் முதல் சில மாதங்களை ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதற்கே ஒதுக்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படங்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் அச்சுக்கு ஏற்ற, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட படம் ஒன்றும் இணையத்துக்கான சிறிய படம் ஒன்றும் இருக்க வேண்டும். படவிளக்கத்தில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள், அளவு, புகைப்படக்காரர் பெயர் ஆகியவை எப்போதும் ஒரே வரிசையில் வரட்டும். அளவைச் சென்டிமீட்டரில், உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுங்கள். மாற்றி எழுதினால், நெட்டுவாக்கில் தொங்க வேண்டிய ஓவியம் பக்கத்தில் படுத்துக் கிடக்கும், அல்லது பக்க வடிவமைப்பாளர் எந்தப் பக்கம் மேலே என்று கேட்டு இரவில் அழைப்பார். படைப்பை வாங்கியவர் பெயரை அவருடைய சம்மதமின்றி எங்கும் குறிப்பிடக் கூடாது; 'தனியார் சேகரிப்பு' என்று போட்டாலே போதும். பக்கத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் ஆசிரியர், படமும் விளக்கமும் தயாராக உள்ள செய்தியைத்தான் எடுப்பார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிப்புரிமையை இதோடு சேர்த்தே படித்துவிடுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் பணித்துச் செய்துகொண்ட படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணித்தவருக்கே மாறியதாகக் கருதப்படும். ஸ்டூடியோ புகைப்படக்காரரை அமர்த்தும்போது இது உங்களுக்குச் சாதகம். ஆனால் ஒரு ஹோட்டல் தன் வரவேற்புக் கூடத்துக்காகக் கலைஞரிடம் ஓவியம் கேட்கும்போது இதே விதி அவருக்கு எதிராகத் திரும்பிவிடும். அத்தகைய ஒப்பந்தங்களில் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும் என்ற வரி உள்ளதா என்று பார்க்காமல், அந்த ஓவியத்தின் படத்தை ஊடகங்களுக்கு அனுப்பாதீர்கள். அதுபோல, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக உள்ள கலைப்படைப்பைப் படமெடுத்து வெளியிட 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஜார்ஜ் டவுனில் 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சுவரோவியங்களுக்குப் பிறகு பினாங்குக்கு வருகிற எல்லாருமே சுவர்களைப் படமெடுக்கிறார்கள். உங்கள் கலைஞரும் சுவரில் வரைபவர் என்றால், பத்திரிகைகள் அதைப் பிரசுரிப்பதைத் தடுக்க முயல்வதைவிட, கலைஞர் பெயரைச் சரியாகப் போடும்படி கேட்டுக்கொள்வதே பயன் தரும்.

கலைக்கூடத்தோடு எல்லையைப் பேச்சில் விடாமல் எழுத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி பற்றிய ஊடக அறிக்கையை அவர்கள் எழுதட்டும். அதில் உள்ள தகவல்களைச் சரிபார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கட்டும். விலை பற்றிய எந்தக் கேள்வியையும் கலைக்கூடத்துக்கே திருப்பிவிடுங்கள், மறைமுகமாகக்கூட ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு, பழைய படைப்புகள், ஸ்டூடியோவுக்கு வர விரும்பும் செய்தியாளர்கள் ஆகியவை உங்கள் பொறுப்பு. முன்கூட்டியே அனுப்பும் செய்தியை எந்த நாள் வரை வெளியிடக் கூடாது என்பதை இருவரும் ஒரே தேதியாகச் சொல்லவில்லை என்றால், பழி ஸ்டூடியோ மேல்தான் விழும்.

பேசத் தயங்கும் கலைஞரை மேடைக்குத் தள்ளாதீர்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, அவரிடம் காட்டி அனுப்பலாம். அல்லது செய்தியாளரை ஸ்டூடியோவுக்கு அழைத்து, கலைஞர் வேலை செய்வதைப் பார்க்க விடலாம். இரண்டாவது வழியில்தான் நல்ல கட்டுரைகள் வருகின்றன. கலைஞர் சொல்லாத அழகான வாக்கியத்தை அவர் வாயில் வைக்கும் சோதனை வரும். இணங்கிவிட்டால் அந்த வாக்கியம் கண்காட்சிப் பட்டியல் நூல்களில் மேற்கோளாக நிலைத்துவிடும். விமர்சனம் கடுமையாக வந்தால் ஆண்டு, பெயர், அளவு போன்ற பிழைகளை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், கருத்தோடு வாதிடாதீர்கள்.

ஆங்கில அறிக்கையை எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்புவது பினாங்கில் அவ்வளவு பயனளிப்பதில்லை. 1910இல் இங்கேயே தொடங்கிய குவோங் வா போன்ற சீன நாளிதழ்களுக்குச் சீனத்திலும், மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகியவற்றுக்கு, உடனே அச்சேற்றக்கூடிய சிறு தமிழ்க் கட்டுரையாகவும் அனுப்புங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் எதையும் அனுப்ப வேண்டாம்.

பணியில் சேருமுன், சம்பளத்தோடு ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் (ஊழியர் சமூகக் காப்பீடு) செலுத்துவார்களா என்று கேளுங்கள். மாதம் 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு. பகுதிநேர ஒப்பந்தம் என்று சொல்லி இதைத் தவிர்க்கப் பார்க்கும் சிறிய ஸ்டூடியோக்களும் உண்டு. கலைஞர் வெளிநாட்டில் இருக்கும்போது ஓர் அறிக்கைக்கு இறுதி ஒப்புதல் தருபவர் யார் என்பதையும் பணிக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.