பின்களத்தில் நிற்கும் பிள்ளையைப் பயோவுக்குத் தள்ளாதீர்கள்

போன மாதம் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் மகளைக் கூட்டிக்கொண்டு, உயர்தரத்தில் என்ன படிப்பது என்று ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். ஓ.எல். முடிவு வந்து இரண்டு கிழமை. தமிழ், வரலாறு, புவியியல் மூன்றும் ஏ, கணிதம் பி, விஞ்ஞானம் சி. அம்மா கதிரையில் இருந்த கையோடு, "மிஸ், இவளுக்குப் பயோ செய்ய ஏலும். இந்தப் பந்தை மட்டும் விடச் சொல்லுங்கோ" என்றார். பயோ என்றால் உயர்தரத்தில் மருத்துவத்துக்குப் போகிற உயிரியல் பிரிவு. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. பாடசாலை உதைபந்தாட்ட அணியின் ஸ்டொப்பர், அதாவது பின்களத்தின் நடுவில் நின்று எதிரணியை மறிப்பவள் அவள். மாகாண மட்டம் வரை விளையாடியிருக்கிறாள்.

முதல் பத்து நிமிடம் வழமைபோல ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம் லண்டனில் இருக்கும் பெரியப்பா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை அப்பா போட்டுக் காட்டினார். "திருகோணமலைக்குக் கோட்டா இருக்கு, கொஞ்சம் முறுக்கிப் பிடிச்சால் மெடிசின் கிடைக்கும். பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்து என்னத்துக்கு?" அதோடு என் ஆறுதல் பேச்சு நின்றுவிட்டது. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே பேச்சு நடக்கிற வீடுகள் இந்த ஊரில் இன்னும் பல இருக்கின்றன.

கோட்டாவைப் பற்றி முதலில். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட வாரியாக, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று, உண்மைதான். ஆனால் அந்தச் சில இடங்களுக்கு இந்த மாவட்டத்தில் விஞ்ஞானத்தை விரும்பிப் படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் போட்டி போடுகிறார்கள். விஞ்ஞானத்தில் சி எடுத்த, புத்தகத்தைத் திறந்ததும் முகம் வாடுகிற பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்த நீங்கள் கொடுக்கப்போகும் விலை என்ன? மூன்று பாடத்துக்கும் ரியூசன், விடுமுறைக்கு யாழ்ப்பாணத்தில் விசேட வகுப்பு, தங்குமிடம். முதல் தரம் சரிவராவிட்டால் இரண்டாம் தரம், பிறகு மூன்றாம் தரம். அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைக்கும் கதை அந்த அறையிலேயே வந்துவிட்டது. நான் குறுக்கே விழுந்து மறித்தேன். இந்தப் பிள்ளையின் பயோவுக்காக நகை அடகுக் கடைக்குப் போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெரியப்பாவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அவர் வாழும் நாட்டில் 1920 டிசம்பரில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே அங்குள்ள உதைபந்தாட்டச் சங்கத்து ஆண்கள் தங்கள் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டார்கள். தடை நீங்க ஏறத்தாழ 50 வருடம் எடுத்தது. 2022இல் அதே நாட்டில், வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 87,192 பேர். இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை 2-1 என்று வென்றார்கள். பெரியப்பா ஒரு சனிக்கிழமை நேரம் ஒதுக்கி, லண்டனிலேயே ஒரு மகளிர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இனி இந்தப் பிள்ளையின் வேலைக்கு வருவோம். கோல் போட்டவளின் பெயர்தான் ஊரில் அடிபடும். பின்னுக்கு நிற்பவள் பிழை விட்டால் மட்டுமே பார்வையாளர்களின் கண்ணில் படுவாள். அதனால் அவள் செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்று வீட்டிலுள்ளவர்களுக்கும் தெரிவதில்லை. ஆடுகளம் முழுவதையும் முகத்துக்கு நேரே பார்ப்பவர்கள் கோல் காப்பாளரும் ஸ்டொப்பரும்தான். ஆகவே மற்றவர்களுக்குக் கண்ணாக இருப்பது அவள் பொறுப்பு. "வெளியே வா", "ஆளைப் பிடி", "விடு, விடு" என்று 90 நிமிடமும் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓப்சைட் கோட்டை, அதாவது பந்து வரும் முன் எதிரணிக்காரி தாண்டி நிற்கக் கூடாத கோட்டைப் பிடிக்க, பின்களத்து நான்கு பேரும் ஒரே நொடியில் ஓர் அடி முன்னே வைக்க வேண்டும். ஒருத்தி அரை அடி பிந்தினால் எதிரணிக்காரி தனியே கோலை நோக்கி ஓடிவிடுவாள். பந்தோடு வருபவள் மீது பாய்ந்து விழுவது புதியவர்கள் செய்யும் பிழை. தேர்ந்தவள் பக்கவாட்டில் நின்று, ஒரு கை தூரம் விட்டு, எதிரியை ஓரக் கோட்டுப் பக்கம் ஒதுக்கி, நேரத்தைத் தின்ன வைப்பாள். விழுந்து சறுக்கிப் பறிப்பது கடைசி ஆயுதம்.

2019இல் ஒரு விதி மாறியது. கோல் கிக் (எதிரணி வெளியே அடித்த பந்தைக் கோலடியிலிருந்து திரும்ப உதைப்பது) எடுக்கும்போது, பந்து கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பெட்டியைத் தாண்டும் முன்பே தன் அணிக்காரி அதைத் தொடலாம். இது சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு, எதிரி நெருக்கும்போது பெட்டிக்குள்ளேயே பந்தை வாங்கி, பதறாமல் அடுத்தவளுக்குக் கொடுக்கத் தெரிந்த பின்கள வீராங்கனையின் பெறுமதி கூடிவிட்டது. உயரமும் பலமும் மட்டும் இப்போது போதாது. அப்பாவிடம் கேட்டேன், மகள் இரண்டு காலாலும் பந்தை அனுப்புவாளா என்று. அவருக்குத் தெரியவில்லை. "இடது கால் கொஞ்சம் வீக், மிஸ். பழகிக்கொண்டிருக்கிறேன்" என்று பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தாள். புவியியலில் ஏ எடுத்ததும் பின்களத்தில் நிலைகொள்வதும் எனக்கு ஒரே மூளையின் வேலையாகத்தான் பட்டது. எந்த இடத்தில் என்ன இருக்கிறது, எது எங்கே நகரும் என்று பார்க்கிற மூளை அது.

சரி, காசு? ஒளிக்காமல் சொல்கிறேன். இலங்கையில் கழகத்துக்கு ஆடி மட்டும் ஒரு பெண் குடும்பம் நடத்த முடியாது. இங்கே சம்பளத்தோடு ஆடும் வழி பெரும்பாலும் முப்படை, பொலிஸ் மகளிர் அணிகள்தான். இந்தப் பெயர்களைச் சொன்னதும் நம் வீடுகளில் முகம் மாறுவது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் இருப்பதும் தெரியும். அந்த முடிவை நான் எடுக்க மாட்டேன், குடும்பமாக இருந்து நீங்கள் பேச வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா நம் நாட்டுச் சங்கத்தை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. நிர்வாகச் சண்டையால் எந்தத் தவறும் செய்யாத ஆட்டக்காரர்களின் மாதங்கள் வீணாகலாம்.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறு. இந்திய மகளிர் லீக் 2016-17இல் தொடங்கியது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19இல் அதை வென்றது. மணிப்பூரைச் சேர்ந்த ஆஷாலதா தேவி பின்களத்தில் நின்றே இந்திய அணிக்குத் தலைவியானவர். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி தன் நாட்டில் ஆயுதப் பொலிஸ் அணிக்கு ஆடி, பிறகு இந்தியாவில் சேது, கோகுலம் கேரளா கழகங்களுக்கும், பின்னர் பிரான்ஸில் கங்கோம் கழகத்துக்கும் போனவர். அவர் முன்களக்காரி, ஆனாலும் நம் அயல்நாட்டிலிருந்து இப்படி ஒரு பாதை இருப்பதை அது காட்டுகிறது. உச்சியில், அமெரிக்க மகளிர் லீக்கில் 2025இன் குறைந்தபட்சச் சம்பளமே வருடம் 48,500 டொலர். அந்த இடத்துக்கு உங்கள் மகள் போவாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் போவதில்லை.

அதனால்தான் இரண்டாவது காலையும் இப்போதே ஊன்றச் சொல்கிறேன். உயர்தரத்தில் அவள் விரும்பும் கலைப் பிரிவு, அதில் புவியியல். அதற்குப் பிறகு சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்புகள் உண்டு. நுழைவு நிபந்தனைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தந்த வருடம் நீங்களே வாசியுங்கள், ரியூட்டரி வாசலில் கேட்டதை நம்பாதீர்கள். இன்னொரு பக்கம் பயிற்சியாளர் உரிமங்கள். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறலாம். பெண் பிள்ளைகள் அணியைப் பயிற்றுவிக்கப் பெண் கோச் வேண்டும் என்று எத்தனை அதிபர்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்! பாடசாலை உடற்கல்வி ஆசிரியை, பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தர் என்று ஊரிலேயே ஓய்வூதியத்தோடு வேலைகள் இருக்கின்றன. படிப்பும் பந்தும் ஒன்றாகப் போகாது என்பவர்கள் லூசி புரொன்ஸைப் பார்க்கட்டும். இங்கிலாந்தின் வலப் பின்களக்காரியான அவர் லீட்ஸில் படித்துக்கொண்டு, பீட்சாக் கடையில் வேலையும் செய்துகொண்டு ஆடியவர். 2019இல் ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது.

"கலியாணம், பிள்ளை எல்லாம்?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். அமெரிக்காவின் கிறிஸ்டி ரம்போன் இரண்டு பிள்ளைகளின் தாய், பின்களக்காரி. 2015 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 40 வயதில் களமிறங்கினார். 2021 முதல், தொழில்முறை வீராங்கனைக்குக் குறைந்தது 14 கிழமை சம்பளத்தோடு பிரசவ விடுப்பு என்பது ஃபீஃபாவின் விதி.

எனக்கு உண்மையில் பயம் உள்ள இடம் முழங்கால். முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் சத்திரசிகிச்சை, பிறகு ஒன்பது மாதமாவது ஓய்வும் பயிற்சியும். அதைக் குறைக்க ஃபீஃபா 11 பிளஸ் என்ற உடற்சூட்டுப் பயிற்சி இருக்கிறது. இருபது நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். கிழமைக்கு இரண்டு தரமாவது செய்ய வேண்டும். கோச் செய்விக்காவிட்டால் அவளே செய்யட்டும்.

செலவில் என் கணக்கு இவ்வளவுதான்: நல்ல பூட்ஸ் ஒன்று, ஷின் கார்ட், பஸ் காசு, தினமும் முட்டை அல்லது மீன். "அமெரிக்காவில் ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தாறன், பதிவுக் கட்டணம் கட்டுங்கோ" என்று வருகிற எவருக்கும் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையில் ஒரு கழகம் கூப்பிட்டால் ஒப்பந்தம் எழுத்தில் வரும். அதைக் கையெழுத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். 18 வயதுக்கு முன் நாடு தாண்டிக் கழகம் மாறுவதை ஃபீஃபா சில விதிவிலக்குகளோடு மட்டுமே அனுமதிக்கிறது, ஆகவே இந்த இரண்டு வருடத்தில் அப்படி ஆசை காட்டுகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இரண்டு வருடம் கழித்து அவளே பந்தை விட்டுவிட விரும்பினால் விடட்டும். கையில் நல்ல உயர்தர முடிவு இருக்கும், உங்கள் நகையும் பெட்டியில் இருக்கும். உயர்தரப் பிரிவுக்கான விண்ணப்பம் அடுத்த கிழமை கொடுக்க வேண்டுமாம். அப்பா படிவத்தை மேசையில் வைத்துப் பேனையை எடுத்தார். நான் அதை வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தேன்.