வாசகர் கேள்வி பதில்: மாரிக்கும் மலைக்கும் ஒரே ஜக்கெட் போதுமா?

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். பிளாஸ்டிக் மழைக்கோட்டுப் போட்டால் மழையில் நனையாவிட்டாலும் வியர்வையில் தோய்ந்து போகிறேன். தை மாதம் சிவனொளிபாதமலைக்கும் போக இருக்கிறோம். கனடாவில் உள்ள அண்ணா பாரம் குறைந்த மழை ஜக்கெட் ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். 10,000, 20,000 என்று ஏதோ எண்கள் போட்டிருக்கிறதாம். எதை வாங்கச் சொல்ல?
– வாசகர், தருமபுரம்

கமக்கட்டில் சிப் இருக்கிறதா என்று முதலில் அண்ணாவிடம் கேளுங்கள். எண்களைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நீர் தாங்கும் அளவு, மில்லிமீற்றரில். 10,000 என்றால் துணியின் மேல் 10 மீற்றர் உயர நீர் நின்றால் வரும் அழுத்தம் வரை அது கசியாது. மாரி மழைக்கு அது போதும். முதுகுப்பையின் பட்டி தோளை அழுத்தும் இடத்திலும், பின்னால் குந்தி இருக்கும் இடத்திலும்தான் அதைவிடக் கூடியது உதவும். மற்றது, ஒரு சதுர மீற்றர் துணி வழியே 24 மணித்தியாலத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. இதை அளக்கும் முறைகள் பல. ஆகவே ஒரு கம்பனியின் 10,000ஐ இன்னொரு கம்பனியின் 15,000உடன் ஒப்பிட்டுப் பயனில்லை.

அதைவிட முக்கியம், அந்த இரண்டாவது எண் வன்னியில் பெரிதாக வேலை செய்யாது. உள்ளே ஈரம் கூடி வெளியே குறைந்திருந்தால்தான் நீராவி துணியைத் தாண்டும். கார்த்திகை மழையில் வெளிக்காற்றே சூடும் ஈரமுமாக நிற்கும்போது அது எங்கே போகும்? மலையில் குளிரும்போது அதே ஜக்கெட் கூடுதலாக மூச்சு விடும். பரந்தனில் உங்களைக் காப்பது கமக்கட்டுச் சிப்பைத் திறந்துவிட்டால் உள்ளே வரும் காற்றுத்தான்.

அடுத்தது, துணி எத்தனை அடுக்கு என்பது. வெளித்துணி ஒன்று, நீர் மறிக்கும் படலம் ஒன்று, அதன் உட்புறப் பூச்சு அரை; இதுதான் 2.5 அடுக்கு. 2.5 அடுக்கு ஜக்கெட்டுகள் பெரும்பாலும் 250 – 350 கிராம். சுருட்டிப் பைக்குள் வைக்கலாம். ஆனால் உட்புறம் வெறும் பூச்சு என்பதால் அரைக்கை சேட்டுடன் போட்டால் கையில் ஒட்டும். உள்ளே மெல்லிய நீளக்கைப் பெனியன் போட்டால் அந்தத் தொல்லை குறையும். 3 அடுக்கில் உட்புறம் மெல்லிய பின்னல் துணி இருக்கும். நூறு கிராம் அளவு கூடினாலும் தினப் பாவனைக்கு நின்று பிடிக்கும். காசு இடங்கொடுத்தால் உங்களுக்கு 3 அடுக்குத்தான். தையல்கள் முழுவதும் உள்ளே நாடா ஒட்டியிருக்கவேண்டும். தோளிலும் தொப்பியிலும் மட்டும் ஒட்டியவை மோட்டார் சைக்கிளுக்குச் சரிவராது; காற்று மழையைப் பக்கத்தாலும் அடிக்கும்.

அளவு பார்க்கும்போது நிமிர்ந்து நின்று பார்க்காமல் ஹான்டிலைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டிக் குனிந்து பார்க்கவேண்டும். அப்போதும் கை மணிக்கட்டை மூடி, முதுகுப்புறம் இடுப்புப் பட்டிக்குக் கீழே நிற்கவேண்டும். ஜக்கெட்டின் தொப்பியை ஹெல்மெட்டுக்குள் போடவேண்டாம். பக்கப் பார்வையும் காதும் அடைபடும். வெளியே தொங்கவிட்டால் அதில் தண்ணீர் நிறையும். சுருட்டிக் கட்டக்கூடியதோ கழற்றக்கூடியதோ நல்லது. மடியில் தேங்கும் நீருக்கு ஜக்கெட் மட்டும் போதாது. மழைக் காற்சட்டை வேண்டும். அதன் கால் சைலன்சரில் பட்டால் உருகிவிடும், கவனம். நிறம் மஞ்சளோ செம்மஞ்சளோ என்றால் லொறிக்காரருக்குத் தூரத்திலேயே தெரியும். இராணுவச் சீருடைபோல உருமறைப்புப் புள்ளி போட்டது வேண்டவே வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். ஏன் என்று வன்னியில் விளக்கத் தேவையில்லை.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். படி ஏறும்போது மழையில்லாவிட்டால் ஜக்கெட்டைக் கழற்றிப் பையில் வையுங்கள். போட்டுக்கொண்டு ஏறினால் வியர்வையில் நனைந்து, உச்சிக் காற்றில் நடுங்குவீர்கள். மழை ஜக்கெட் காற்றையும் நீரையும் மறிக்கும், சூடு தராது. உலர்ந்த பெனியனும் கம்பளிச் சுவெற்றரும் பொலித்தீன் பையில் தனியாகக் கொண்டுபோங்கள்.

ஜக்கெட் வாங்கி ஒரு வருடம். முன்பு மழைத்துளி உருண்டு விழும். இப்போது துணியே நனைந்து பாரமாகிறது. ஓட்டையா?
– வாசகி, மல்லாவி

ஓட்டையல்ல. வெளித்துணியில் உள்ள நீர் விலக்கும் பூச்சை அழுக்கும் எண்ணெயும் மூடிவிட்டன. துணி நனைந்தால் மூச்சு விடாது. உள்ளே படியும் வியர்வையைத்தான் பலர் கசிவு என்று நினைக்கிறார்கள்.

தோய்க்கும் தூளும் மென்மையாக்கும் திரவமும் எதிரிகள். அவற்றின் மிச்சம் துணியில் நின்று நீரை இழுக்கும். சிப்புகளை மூடி, வாசனை கலக்காத சவர்க்காரக் கரைசலில் கையால் தோயுங்கள். நம்முடைய கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. சவர்க்காரம் அதில் திரைந்து துணியில் படியும். பிடித்துவைத்த மழைநீரில் தோய்த்து, அதிலேயே மூன்று தரம் அலசுவது நல்லது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். காய்ந்த பின், உள்ளே உள்ள சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு பருத்தித்துணி விரித்து, ஆவி இல்லாமல், ஆகக் குறைந்த சூட்டில் அயன் பண்ணுங்கள். சூடு பூச்சை மறுபடி எழுப்பும். பிறகு நாலு துளி தெளித்துப் பாருங்கள். அப்போதும் ஊறினால் மட்டும் நீர் விலக்கும் ஸ்பிறே வாங்குங்கள்.

அலுமாரியில் வைத்த ஜக்கெட்டின் உட்புறம் வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. ஒட்டலாமா?
– வாசகர், நெடுங்கேணி

முடியாது. சூட்டிலும் ஈரத்திலும் பொலியூரிதேன் பூச்சு சிதைந்துவிட்டது. தையல் நாடா மட்டும் கழன்றிருந்தால் பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, தையல் அடைக்கும் பசை பூசி ஒருநாள் காயவிடலாம். அடுத்த ஜக்கெட்டை ஈரத்தோடு சுருட்டி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விடாதீர்கள். வெயிலில் அந்தப் பெட்டி கொதிக்கும். நன்றாகக் காயவைத்து, பொலித்தீனால் மூடாமல் தொங்கவிடுங்கள்.

சுவிஸ் மாமா விட்டுப்போன பஞ்சு வைத்த குளிர் ஜக்கெட்டை மலைக்கு மழைக்கும் போடலாமா?
– மாணவன், ஒட்டுசுட்டான்

மழைக்குக் கூடாது, தம்பி. இறகு நிரப்பியது நனைந்தால் கட்டியாகிச் சூடு தராது. பொலியெஸ்ரர் பஞ்சு கொஞ்சம் தாங்கும், ஆனால் காய நேரமெடுக்கும். பையின் அடியில் வைத்துக்கொண்டு போய், உச்சியில் சூரிய உதயத்துக்குக் காத்திருக்கும்போது போடுங்கள். மழை வந்தால் அதற்கு மேலே மழை ஜக்கெட். அதனால் மழை ஜக்கெட்டை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள்.